ரயில் நிலையத்தைப் பாதுகாத்தவர்கள்

நாகரிகம் என்றால் என்ன என்று பெரிய பெரிய புத்தகங்களில் தேடுகிறவர்கள் தேடட்டும். ரயில் வந்து போகிறவரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருப்பது, நின்றுபோய் இருபத்திரண்டு வருடம் ஆன பிறகு அதற்காக ஒரு குழு அமைத்துக் கண் கலங்குவது, இதுதான் நாகரிகம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், உலகத்திலேயே நாகரிகம் முற்றிப் பழுத்த ஊர் இந்த ஊர்தான்.

குழுவின் பெயர் 'பழைய ரயில் நிலைய எச்சங்கள் கண்டறிதல், மீட்டல், பேணுதல் மற்றும் வரலாறு எழுதுதல் குழு'. அதன் ரப்பர் முத்திரை செங்கல் அகலம் இருந்தது. மாவு மில் முதலாளி தலைவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் செயலாளர். ஊரின் ஒரே டாக்டர் துணைத் தலைவர். வெறும் உறுப்பினர் என்று யாரும் இல்லை. பதவி இல்லாமல் சேவை செய்ய இந்த ஊரில் யாருக்கும் கூச்சம்.

நாலாவதாக ஓர் ஆள் இருந்தார். முத்திரையில் இடம் இல்லாததால் அவர் குழுவில் சேர்த்தி இல்லை. அவர் பெயர் ஏழு.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் அதுவும் ரயிலைப் போல நின்றுவிட்டது. அந்த நிலையத்தில் பதினெட்டு வருடம் போர்ட்டராக இருந்தவர் அவர். கையில் கட்டிய பித்தளை வில்லையில் ஏழு என்று போட்டிருக்கும். நிலையத்தை மூடியபோது வில்லையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எண்ணை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். இப்போது வயது அறுபத்து நாலு. குழு அவருக்குக் 'களப்பணியாளர்' என்ற பட்டத்தை வழங்கியிருந்தது. அதாவது கடப்பாரை, மண்வெட்டி, கூடை.

ஏழு அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மரபுத்துறையிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, நிலையம் இயங்கிய காலத்தில் அங்கே இருந்த பொருட்களை மீட்டுக் காட்டினால் அந்த இடம் 'மரபுச் சின்னம்' ஆகும். அடுத்த மாதம் பத்தாம் தேதி இயக்குநர் அம்மா நேரில் வந்து பார்ப்பார். இரண்டு, சின்னத்துக்கு ஒரு காவலாளி நியமிக்கப்படுவார்; பழைய விளக்கு அறை அவர் குடியிருக்கத் தரப்படும்.

விளக்கு அறை தரையோடு தரையாக இருக்கிறது. படி கிடையாது. ஏழும் அவர் மனைவியும் இப்போது குடியிருக்கும் மாடி அறைக்கு முப்பத்தொன்பது படி. அவருடைய முழங்காலுக்கு ஒவ்வொரு படியும் ஒரு இரும்புப் பெட்டி. அதையும் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி இடிக்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"காவல் வேலை உனக்குத்தான், ஏழு. எச்சம் மட்டும் கிடைக்கட்டும்" என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆகவே ஏழு தோண்டினார்.

அங்கே தோண்டுவதற்கு முன்பே எல்லாம் தெரிந்தது. மேடை இருந்தது. நாலு சுவரும் பாதிக் கூரையும் இருந்தன. பயணச்சீட்டு கொடுக்கிற ஜன்னல் வழியாக ஒரு மரம் கை நீட்டிக்கொண்டிருந்தது. மேடையின் இரண்டு ஓரத்திலும் பெயர்ப் பலகைக்கான தூண்கள் நின்றன. நடுவில் வானம் மட்டும் தெரிந்தது. மூன்று வாரத் தோண்டலில் கிடைத்த 'எச்சங்களை' செயலாளர் ஒரு பெரிய நோட்டில் ஏற்றினார். வளைந்த ஆணி ஒன்று. சீப்பு ஒன்று, பற்கள் பதினொன்று. செருப்பு, இடது கால். யாருடையதோ தெரியாத பல் ஒன்று. இது சீப்பினுடையது அல்ல.

"ஒரு மாபெரும் நாகரிகம் சுவடே இல்லாம போயிருக்கு பாருங்க" என்றார் தலைவர், இடது செருப்பைப் பார்த்தபடி.

கூட்டங்கள் டாக்டரின் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நடந்தன. நோயாளிகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மூவரும் நீளமான தேக்கு பெஞ்சில் அமர்வார்கள். எதிர்ச் சுவரில் பெரிய வட்டக் கடிகாரம். பத்து நிமிடம் தாமதமாகத்தான் ஓடும், பழக்கதோஷம். ஏழு கதவோரம் நின்று தேநீர் டம்ளர்களை நீட்டுவார். அந்த பெஞ்சைப் பார்ப்பார். கடிகாரத்தைப் பார்ப்பார். மூவர் முகத்தையும் பார்ப்பார். தேநீரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்.

"அவங்களுக்கு நெஜமாவே தெரியலையா, இல்ல நடிக்கறாங்களா?" என்று வீட்டில் மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள்தான் தினமும் ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கிறவர்.

"எது?"

"அவங்க உக்காந்துக்கிட்டு இருக்கறதே ஸ்டேஷன் பெஞ்சு. பாக்கறதே ஸ்டேஷன் கடிகாரம். அதுல உக்காந்துகிட்டே, ஸ்டேஷன் சாமான் எங்க போச்சோன்னு அழுவுறாங்க."

"ஏங்க, அந்த பெஞ்சுக்கு அடியில நீங்க போட்ட ஏழு இன்னும் அழியல. தினம் குனிஞ்சு துடைக்கறேன், எனக்குத் தெரியும். டாக்டர் என்னிக்காவது குனிஞ்சிருந்தாதானே தெரியும்?"

"சொல்லிடவா?"

"வாயைத் திறந்தீங்கன்னா நான் உங்களை இந்த முப்பத்தொன்பது படியிலயும் உருட்டி விட்டுடுவேன். மொதல்ல விளக்கு ரூமு. அப்புறம் உங்க உண்மையெல்லாம்."

பெஞ்சுக்கு அடியில் இருந்த அந்த ஏழு என்ற எண்ணைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சுமை தூக்குகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வீடு வரை கொண்டுபோகிற சாமான் எதுவானாலும், அதன் அடிப்பக்கத்தில் தாரைத் தொட்டுத் தன் வில்லை எண்ணைப் போட்டுவிட வேண்டும். பெட்டி மாறிப்போனால் எந்த ஆள் தூக்கியது என்று கேட்டு வந்துவிடலாம். அந்தக் காலத்தில் ஏழுக்கு எழுதத் தெரிந்த ஒரே எழுத்து அந்த எண்தான். அதை அவர் மிக அழகாகப் போடுவார்.

மற்ற எழுத்தெல்லாம் பிறகு வந்தது. நிலையம் மூடிய பின், வேலை இல்லாத மத்தியானங்களில் பள்ளிக்கூடத்து முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தார். அங்கே மாட்டியிருந்த கரும்பலகை அவரே தோளில் சுமந்துவந்து இறக்கியது. ரயில் வரும் நேரம் எழுதுகிற பலகை. பதினெட்டு வருடம் அதன் கீழே நின்றிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தபோது அதில் ரயில் இல்லை.

இப்படியாகக் குழு தேடிக்கொண்டும், ஏழு வாயை மூடிக்கொண்டும் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, செயலாளர் தாம் எழுதிய வரலாற்றின் முதல் அத்தியாயத்தைக் கூட்டத்தில் வாசித்தார். "இத்துணைச் சிறப்பு வாய்ந்த நிலையம் ஏன் மூடப்பட்டது என்பது காலமென்னும் மூடுபனியில் மறைந்து கிடக்கிறது" என்ற வரி வந்ததும் தலைவர் உணர்ச்சிவசப்பட்டுப் பின்னால் சாய்ந்தார். தலைவர் சாதாரணமாகச் சாய்கிறவர் அல்ல. மூன்று மூட்டை எடை. பெஞ்சின் பின்கால் ஒன்று மடங்கியது. வரலாறு, தலைவர், செயலாளர், டாக்டர், தேநீர் என்ற வரிசையில் எல்லாம் தரைக்கு வந்தன.

யாருக்கும் அடி இல்லை. ஆனால் பெஞ்சு மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றில், கறுப்பாக, முழம் உயரத்துக்கு ஓர் ஏழு.

மூவரும் தரையில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தார்கள்.

"இது போர்ட்டர் அடையாளமாச்சே" என்றார் செயலாளர்.

"அப்படின்னா இது ஸ்டேஷன் பெஞ்சு" என்றார் தலைவர்.

"எந்தப் பாவி கொண்டுவந்து இங்க போட்டான்?" என்றார் டாக்டர். அவர் மனப்பூர்வமாகத்தான் கேட்டார். ஒரு பொருளை ஒன்பது வருடம் வைத்திருந்தால் அது நம்முடையது போல ஆகிவிடும். இருபது வருடம் தாண்டினால் நம் தாத்தா வாங்கியது போல ஆகிவிடும். இந்த 'மறதி' ஒரு பெரிய வரம். எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மூன்று தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின.

"ஏழு, நீ எத்தனையாம் நம்பர்?" என்று கேட்டார் தலைவர்.

"ஏழுங்க."

"இதை இங்க தூக்கிட்டு வந்தது யாரு?"

"நான்தாங்க. டாக்டர் ஐயா முன்னால நடந்து வந்தாரு. நான் பின்னால தூக்கிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி தொறப்பு விழாவுக்கு ரெண்டே ரெண்டு நாளைக்குன்னு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட இரவல் கேட்டாரு."

டாக்டர் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "விழா இன்னும் முழுசா முடியலையே. பின்பக்க வார்டு பாக்கி இருக்கு" என்றார் மெதுவாக.

"இந்த மாதிரி வேற என்னென்ன தூக்கினே?" என்றார் தலைவர். குரலில் நீதி இருந்தது.

ஏழு மனைவியை நினைத்தார். முப்பத்தொன்பது படியை நினைத்தார். ஆனால் முதுகு கூனிய மனிதனுக்குப் பொய் என்பது கூடுதல் சுமை, தூக்க முடிவதில்லை.

"வாங்க, காட்டறேன்."

அன்று பிற்பகல் குழுவின் 'மாபெரும் கள ஆய்வு' நடந்தது. முன்னால் ஏழு, பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் டாக்டர், கடைசியில் நோட்டோடு செயலாளர். மரபுத்துறை வரலாற்றில் இவ்வளவு குறைந்த தூரத்தில் இவ்வளவு எச்சங்களைக் கண்டெடுத்த ஆய்வு வேறு இருக்காது. ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பி மற்றவர் வீட்டில் முடிந்துவிட்டது.

முதலில் அதே ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரம். கழற்றித் திருப்பினால் ஏழு.

அடுத்து மாவு மில். வாசலில் ஆளுயரத் தராசு. பார்சல் நிறுக்கிற தராசு. தட்டைப் புரட்டினார்கள். ஏழு. அதற்கு மேலே, வேலையாட்களைக் கூப்பிடுவதற்காகத் தொங்கிய வெண்கல மணி. ஏழு ஏணி வைத்து ஏறி மணியின் வாயைக் காட்டினார். உள்பக்கம் ஏழு.

"இது எங்க அப்பா காலத்து மணின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் தலைவர்.

"உங்க அப்பா காலம் முடிஞ்சு மூணாவது வருஷம் வந்ததுங்க. மில் மணி ரிப்பேருக்குப் போயிருக்கு, ரெண்டே நாள்னு சொன்னீங்க."

"அப்ப அந்த மணி என்ன ஆச்சு?"

"அது இன்னும் ரிப்பேர்ல இருக்கும்போலங்க."

பிறகு பள்ளிக்கூடம், கரும்பலகை, பின்பக்கம் ஏழு. செயலாளர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர், தம் வீட்டுத் தெரு திரும்பியதும் எழுதுவதை நிறுத்தினார். வாசலுக்கு முன்னால் சாக்கடை ஓடியது. அதைத் தாண்டிப் போக ஒரு நீண்ட இரும்புத் தகடு போட்டிருந்தது. நாலு பேரும் அதன் மேல் நின்றார்கள். ஏழு மட்டும் இறங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் நகருங்க, சார்" என்றார்.

தகட்டைப் புரட்டினார். மஞ்சள் பலகை. இந்த ஊரின் பெயர், ஆள் உயர எழுத்தில், சாக்கடையைப் பார்த்தபடி இருபத்திரண்டு வருடமாகக் குப்புறப் படுத்திருந்தது.

"புது வர்ணம் அடிச்சுத் தர்றேன்னு சொல்லி வாங்கிட்டு வந்தீங்க, சார். பழைய வர்ணம் சுரண்டறதுக்காகக் கவுத்து வெச்சீங்க."

"காயட்டும்னு போட்டேன்" என்றார் செயலாளர். "கை ஒழியவே இல்லை."

ஆக எல்லாம் கிடைத்துவிட்டது. குழுவுக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். ஆனால் அன்று மாலை அவசரக் கூட்டத்தில் மூவர் முகமும் தொங்கிப்போயிருந்தது. இயக்குநர் அம்மா வந்து, "இதெல்லாம் எங்கே இருந்தது?" என்று கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு சுற்று தேநீர் தீர்ந்தது. பிறகு செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "திருட்டுப் போயிருந்தது, குழு மீட்டதுன்னு எழுதலாம்."

"பிரமாதம்" என்றார் டாக்டர்.

"திருடன்னு ஒருத்தன் வேணுமே" என்றார் தலைவர்.

மூன்று தலைகளும் மறுபடி கதவுப் பக்கம் திரும்பின.

"ஏழு, தப்பா எடுத்துக்காதே. எல்லாத்துலயும் உன் கையெழுத்துதான் இருக்கு" என்றார் தலைவர், மிகுந்த பாசத்தோடு. "பேப்பர்ல ஒரு வார்த்தை. அவ்வளவுதான். 'திருந்திய போர்ட்டர் திருப்பிக் கொடுத்தார்'னு போட்டுடலாம். படிக்கறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துடும்."

"அப்ப காவல் வேலைங்க?"

தலைவர் வருத்தத்தோடு கையை விரித்தார். "திருடனைக் காவல் போட்டாங்கன்னு ஊரு சிரிக்காதா? நீயே சொல்லு. அதுக்கு என் மச்சானைச் சொல்லிடலாம். சும்மாதான் இருக்கான். நீ யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

ஏழு முப்பத்தொன்பது படியும் ஏறி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். படியில் உருட்டிவிடவில்லை.

"திருட்டுன்னு எழுதினா போலீஸ் வருமா, வராதா?" என்று கேட்டார்.

"வரும்."

"வந்து, தூக்கினவன் யாருன்னு மட்டுமா கேப்பான்? எந்த வீட்டுல இருந்து எடுத்தீங்கன்னு கேக்க மாட்டானா?"

"கேப்பான்."

"அதைப் போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு, திருட்டுன்னு ஏன் எழுதணும், பாதுகாத்தோம்னு எழுதலாமேன்னு கேளுங்க. ஸ்டேஷன் சாமானெல்லாம் மழையிலயும் வெயில்லயும் வீணாப் போயிடக் கூடாதுன்னு பெரிய மனுஷங்க வீட்டுல வெச்சுப் பாதுகாத்தாங்க. யார் யார், எதை, என்னிக்குலேர்ந்து பாதுகாத்தாங்கன்னு ஆளுக்கொரு அட்டை எழுதி மாட்டிடுங்க."

"தேதியுமா?"

"தேதி இல்லாத சரித்திரம் என்ன சரித்திரம்? அந்த வாத்தியாரைக் கேட்டுப் பாருங்க, அவரே சொல்லுவாரு."

மறுநாள் ஏழு இதைச் சொன்னபோது குழு முதலில் போலீஸ் என்ற சொல்லில் வெளுத்தது. அடுத்து, 'பாதுகாத்தோம்' என்ற சொல்லில் சிவந்தது. மூவரும் அந்தச் சொல்லை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

"உண்மையும் அதுதானே?" என்றார் டாக்டர். "நான் எடுத்துட்டு வரலேன்னா அந்த பெஞ்சு இன்னிக்கு இருக்குமா?"

"தேதி அவசியம் வேணும்" என்றார் செயலாளர். "தேதி இல்லாத சரித்திரம் என்ன சரித்திரம்?"

தீர்மானம் எண் 31 ஏகமனதாக நிறைவேறியது. அட்டைகளை எழுதும் பொறுப்பு ஏழிடம் கொடுக்கப்பட்டது. அவர் எழுத்து, தாமதமாக வந்த எழுத்து என்பதால், ஒவ்வொன்றும் பெட்டி மாதிரி கனமாக, தெளிவாக இருக்கும். காவல் வேலை மட்டும் மச்சானுக்கே என்று குழு உறுதியாக இருந்தது. "அது ஏற்கனவே சொல்லியாச்சு, ஏழு. வீட்டுக்காரியும் சந்தோஷப்பட்டுட்டா" என்றார் தலைவர்.

மாடி அறையை இடிக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. ஏழு அட்டையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சேவை மனப்பான்மையின் உச்சம். டாக்டர் தனியாக வந்தார். "பெஞ்சு, நிலையம் மூடறதுக்கு எத்தனை நாள் முன்னாடி நான் பாதுகாக்க ஆரம்பிச்சேன்?"

"ஒன்பது மாசம் முன்னாடிங்க."

"அதைப் போடு. கொட்டையா. மூடப்போறாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு தொலைநோக்கு இருந்திருக்கு பாரு."

செயலாளர் இதைக் கேள்விப்பட்டு வேகமாக வந்தார். அவருடைய பெயர்ப் பலகை இரண்டு மாதம் முன்புதான். அது அவருக்குக் குறைச்சலாகப் பட்டது. "நேரப் பலகை அஞ்சு மாசம் இருக்கும்ல? அதை மேல மாட்டு." மாலை தலைவர் வந்தார். அவருக்குக் கவலையே இல்லை. தராசு பதினோரு மாதம், மணி பதினாலு மாதம். "எல்லாருக்கும் முன்னாடி நான்தான்னு படிச்ச உடனே தெரியணும். 'முதன்முதலில்'னு ஒரு வார்த்தை சேத்துக்கோ."

அவர்கள் சொல்லச் சொல்ல ஏழு எழுதினார். ஒரு எழுத்தைக்கூட அவராகச் சேர்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோது, வரிசையாகத் தரையில் கிடந்த அட்டைகளைப் பார்த்து ஒரு கணம் தூரிகையை நிறுத்தினார். மணி, தராசு, பெஞ்சு, கடிகாரம், நேரப் பலகை, பெயர்ப் பலகை. இதே வரிசையில்தான் அவர் தோளும் அவற்றைச் சுமந்தது. ஒவ்வொரு தடவையும் நாலு பேர் பார்க்க, நிமிர்ந்து, பெருமையாக. தன் பிழைப்பைத் தானே துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டுபோய் வீடு வீடாக இறக்கியிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் முழு எடையோடு தோளில் இறங்கியது.

பத்தாம் தேதி இயக்குநர் அம்மா வந்தார். ஒல்லியான உருவம். பேச்சும் ஒல்லி. கக்கத்தில் நாடா கட்டிய பழைய கோப்பு ஒன்று. மேடையில் பொருட்கள் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. பெயர்ப் பலகை தூண்களுக்கு நடுவே திரும்ப ஏறியிருந்தது. கழுவியும் லேசாக வாடை இருந்தது. குழு புதுச் சட்டையில் நின்றது. தலைவரின் பக்கத்தில் மச்சான், விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். ஏழும் அவர் மனைவியும் விளக்கு அறை வாசலில் ஒதுங்கி நின்றார்கள். அந்த அம்மாள் அறைக்குள் எட்டிப் பார்த்து, அடுப்புக்கு எந்த மூலை என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

இயக்குநர் முதல் அட்டையை உரக்க வாசித்தார்.

"'வெண்கல மணி. நிலையம் மூடப்படுவதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்பே, முதன்முதலில், தலைவர் அவர்களால் எடுத்துச் செல்லப்பட்டு, மாவு மில்லில் பாதுகாக்கப்பட்டது.'" அவர் தலைவரைப் பார்த்தார். "அப்ப ரயில் வந்துகிட்டுதானே இருந்தது?"

"தினம் ரெண்டு தடவை வரும்மா" என்றார் தலைவர் பெருமிதத்தோடு. "அப்பவே எடுத்துட்டேன்."

இயக்குநர் கோப்பைப் பிரித்தார். "இது நிலையத்தை மூடினப்போ உள்ள கோப்பு. ஆய்வாளர் ஒவ்வொரு தடவையும் வந்து எழுதி வெச்சிருக்கார். பதினாலு மாசத்துக்கு முன்னாடி: 'மணி அடிப்பதில்லை. ரயில் வருவது ஊராருக்குத் தெரியவில்லை. பயணிகள் குறைவு.'"

குழு புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த அட்டை தராசு. கோப்பு: "'தராசு இல்லை. பார்சல் வருவது நின்றுவிட்டது.'" அடுத்தது பெஞ்சு. கோப்பு: "'உட்கார இடம் இல்லை. பெண்களும் வயதானவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.'" டாக்டரின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. கடிகாரம். "'மணி என்ன என்று நிலையத்திலேயே யாருக்கும் தெரியவில்லை.'" நேரப் பலகை. "'ரயில் எப்போது வரும் என்பதும் தெரியவில்லை.'" செயலாளர் வேறு பக்கம் பார்த்தார். கடைசியாகப் பெயர்ப் பலகை.

"'இது எந்த ஊர் என்று ஓட்டுநருக்குத் தெரியாததால், ரயில் சில நாட்களாக நிற்காமலேயே போகிறது. இங்கே ரயில் நிலையம் இருப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை. மூடலாம்.'"

கோப்பை மூடினார். மேடையில் கடிகாரம் மட்டும் பேசியது, பத்து நிமிடம் தாமதமாக.

"நிலையம் ஏன் மூடினாங்கன்னு மூடுபனியில மறைஞ்சு கிடக்குன்னு நீங்க அனுப்பின வரலாற்றுல எழுதியிருந்தீங்க" என்றார் செயலாளரிடம். "பனி விலகிடுச்சா?"

செயலாளர் நோட்டால் முகத்தை விசிறிக்கொண்டார்.

"எல்லாப் பொருளுக்கும் அடியில ஏழுன்னு இருக்காமே. அது யாரு?"

"நான்தாங்க" என்று ஏழு முன்னால் வந்தார். "இவங்க பாதுகாத்தாங்க. தூக்கினது நான்."

"இந்த நிலையத்துச் சாமான் உங்க வீட்டுல என்ன இருக்கு?"

ஏழு நிஜமாகவே யோசித்தார். "முழங்கால் வலி இருக்குங்க. வேற ஒண்ணும் இல்ல."

"வில்லை?"

"அன்னிக்கே திருப்பிக் கொடுத்துட்டேங்க."

இந்த இடத்தில் தலைவர், நிலைமையைச் சமாளிக்கும் திறமை உள்ளவர் என்பதால், மச்சானைத் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். "காவலுக்குக் குழு சிபாரிசு பண்ற ஆள் இவன்தாம்மா. பாதுகாக்கறது எங்க குடும்பத்துக்கு ரத்தத்துல ஊறினது."

"அதைத்தான் படிச்சேன்" என்றார் இயக்குநர். பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதி, ஏழின் கையில் கொடுத்தார். "இந்த ஊர்ல இந்த நிலையத்தைப் பாதுகாக்காத பெரிய மனுஷர் நீங்க ஒருத்தர்தான். காவலுக்கு நீங்களே இருங்க."

ஏழின் மனைவி அவரைப் பார்க்கவில்லை. நேராக விளக்கு அறைக்குள் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்பு மூலையைப் பெருக்க ஆரம்பித்துவிட்டார்.

குழு கலைக்கப்படவில்லை. அது இப்போதும் சிறப்பாக இயங்கிவருகிறது. ஏழு காவலுக்கு உட்கார்ந்த முதல் திங்கட்கிழமையே தலைவர் வந்துவிட்டார். மில்லில் ஆட்கள் நேரத்துக்கு வருவதில்லையாம். ரிப்பேருக்குப் போன மணி இன்னும் வரவில்லையாம். "ரெண்டே ரெண்டு நாள், ஏழு. நம்ம மணிதானே." அவர் போனதும் டாக்டர்; நோயாளிகள் நின்றுகொண்டே இருக்கிறார்களாம். சாயங்காலம் செயலாளர், கால்சட்டை முழங்கால்வரை நனைந்து.

ஏழு யாரிடமும் வாதாடவில்லை. எழுந்து, வாசலில் மாட்டியிருந்த புது அட்டையைக் காட்டினார். குழுவின் தீர்மானம் இல்லாமல் அவர் தாமாக எழுதிய ஒரே அட்டை அதுதான். எழுத்து பெட்டி பெட்டியாக, தூரத்திலிருந்தே தெரிந்தது.

'இங்குள்ள பொருட்கள் பாதுகாப்பதற்காகக் கொடுக்கப்பட மாட்டா.'